பல்லைக் காட்டுங்கள், மாத்திரையையும் காட்டுங்கள்

வாசகர் கேள்விகள், பல் மருத்துவர் பதில்கள்

பல், ஈறு, வாய் தொடர்பான சந்தேகங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைப் பகுதிகளைச் சேர்ந்தவை. பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல் மருத்துவம் பார்த்துவரும் மருத்துவர் அவற்றுக்குப் பதிலளிக்கிறார்.

பதில்களுக்கு முன் ஒரு வார்த்தை. கடிதம் எழுதியவர்களில் பலர் பல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். தாங்கள் தினமும் விழுங்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என் கிளினிக்கிலும் இதே கதைதான். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவரிடம், "சர்க்கரை, ரத்தக் கொதிப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டால், "அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?" என்று திருப்பிக் கேட்பார். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியின் வெவ்வேறு வடிவங்களே.

*

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். நானும் தவறாமல் சாப்பிடுகிறேன், சோற்றையும் குறைத்துவிட்டேன். ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. சர்க்கரைக்காரர்கள் பல்லில் கை வைக்கவே கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் என்ன செய்யட்டும்?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: அம்மா, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் புண் ஆறுவதற்கு நாளாகும். சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால், அந்தப் பயத்தில் ஈற்றை அப்படியே விட்டுவைத்தால், சர்க்கரை இறங்காமல் இருப்பதற்கான காரணங்களில் ஒன்றை நீங்களே வாய்க்குள் வைத்துப் பராமரிப்பதாக ஆகிவிடும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடிக்கு முன் நின்று, கீழ் முன்பற்களின் உட்புறத்தை, அதாவது நாக்கு படும் பக்கத்தை, விரல் நகத்தால் தடவுங்கள். வழவழப்பாக இருக்க வேண்டிய இடம், கரையில் ஏற்றி வைத்த படகின் அடிப்புறத்தில் சிப்பி ஒட்டியிருப்பதைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதுதான் காரை. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அந்த இடத்தில் திறப்பதால், உமிழ்நீரிலுள்ள தாது உப்புகள் பல்லின்மேல் படியும் கிருமிப் படலத்தை அங்கேதான் முதலில் கல்லாக்குகின்றன. கல்லான பிறகு எந்த பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. அதன்மேல் புதிய கிருமிப் படலம் ஏறும்; ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும்; விலகிய இடைவெளியில் கிருமிகள் இன்னும் ஆழமாக இறங்கும்; கடைசியில் பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு கரையும். உங்கள் இரண்டு பற்கள் ஆடத் தொடங்கியதற்கு எலும்பு கரைந்ததே காரணமாக இருக்கக்கூடும். வலி அதிகம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கும் நோய் என்பதால்தான் இதை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. உள்ளங்கையில் இப்படி ஒரு புண் இருந்து தினமும் ரத்தம் கசிந்தால் நாம் ஒரு வாரம் சும்மா இருப்போமா?

இந்த நோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருக்கும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன, நோயை எதிர்க்கும் அணுக்களின் வேகம் குறைகிறது, ஆகவே ஈறு நோய் விரைவாக முற்றுகிறது. மறுபுறம், ஈற்றில் ஓயாமல் இருக்கும் அழற்சியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளிடம் மூன்று, நான்கு மாதங்களுக்குப் பிறகு அந்த மூன்று மாதச் சராசரி ஏறக்குறைய 0.4 அளவுக்குக் குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. 9 என்பது 8.6 ஆவதால் மாத்திரையை நிறுத்திவிட முடியாது. ஆனால், உணவிலும் மருந்திலும் இவ்வளவு பாடுபடும் உங்களுக்கு அந்தப் புள்ளி நான்கை விட்டுக்கொடுக்க மனம் வருமா?

கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையுடனும் மாத்திரை அட்டைகளுடனும் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். காலைச் சிற்றுண்டியையும் மாத்திரையையும் முடித்துக்கொண்டு, முற்பகலில் போவது நல்லது. பல் வைத்தியம் என்றாலே வெறும் வயிற்றில் போக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்து, நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி வியர்த்துத் துவண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் காரையை அகற்றுவார்கள்; ஆழமாக இறங்கியிருந்தால் இரண்டு, மூன்று முறை வரச்சொல்லி வேர்ப் பகுதியையும் சுத்தம் செய்வார்கள். அதன் பிறகு பல் சந்துகள் பெரிதாகத் தெரியும், சில நாள்கள் கூச்சமும் இருக்கும். "க்ளீன் பண்ணினதால்தான் பல் ஆடுகிறது" என்ற புகார் இங்கேதான் பிறக்கிறது. எலும்பு போன இடத்தில் காரைதான் சிமெண்டுபோல முட்டுக்கொடுத்து நின்றது என்பதை அவர்களுக்கு விளக்குவதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும்.

தனியாரிடம் செலவு செய்ய இயலாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். உங்கள் பகுதிக்கு இன்னும் அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பல் பிரிவு இருக்கிறது. வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காலையில் மட்டும் துலக்குவதை விட்டு, இரவு படுக்கப் போகுமுன் மென்மையான பிரஷ்ஷால், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, இரண்டு நிமிடம் துலக்குங்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் இரவுதான் கிருமிகளுக்குப் பகல். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே அழுக்கு இருப்பதால்தான் ரத்தம் வருகிறது.

*

கேள்வி: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது உண்மையா?
(வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: இல்லை. பார்வைக்கான நரம்பு மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் இரண்டாவது. பல்லின் உணர்ச்சியைச் சுமப்பது ஐந்தாவது. பல் பிடுங்கும் வயதும் கண்புரை வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் பழி பல் வைத்தியர்மேல் விழுகிறது. மாறாக, சீழ் பிடித்த மேல் கோரைப் பல்லைப் பிடுங்காமல் விட்டுவைத்தால், அந்த வீக்கம் கண்ணுக்குக் கீழ்வரை ஏறி இமையே மூடிக்கொள்வதுண்டு.

*

கேள்வி: ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வயது 66. ஓராண்டாக ஈறுகள் தடித்து, முன்பற்களைப் பாதிவரை மூடிக்கொண்டு வளர்கின்றன. புற்றுநோயோ என்று மனைவி அஞ்சுகிறார். கடைவாய்ப் பல் ஒன்றையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பல் எடுப்பதற்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்திவிடலாமா? ஈறு நோய்தான் மாரடைப்பை உண்டாக்குகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியும் உண்மையா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: ஐயா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரைகளை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பல் எடுக்க முடியும். ரத்தம் சற்று நேரம் கூடுதலாகக் கசியும், அதைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தேவைப்பட்டால் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் அதைப் பஞ்சால் நிறுத்த முடியாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும், பல் எடுப்பதற்கு முன் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்வோம்.

ஈறு வளர்ச்சிக்கு வருவோம். உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த மருந்துச் சீட்டின் நகலுக்கு நன்றி. இந்த மாதம் அதை இணைத்து அனுப்பியவர் நீங்கள் ஒருவரே. அதில் இரண்டாவது வரியில் அம்லோடிபின் இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு மிகப் பரவலாகத் தரப்படும், நன்றாக வேலை செய்யும் மருந்து அது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களில் ஒரு சிலருக்கு ஈறு இப்படித் தடித்து வளரும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. பல்லைச் சுற்றி அழுக்குத் தங்கினால் வளர்ச்சி இன்னும் கூடும் என்பதால், முதல் வேலை காரையை அகற்றுவது. அடுத்து, பல் மருத்துவரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டினால், முடியுமானால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். மாற்றிய சில மாதங்களில் ஈறு பெரும்பாலும் சுருங்கும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மனைவியின் அச்சம் பெரும்பாலும் வீணாகத்தான் இருக்கும். ஆனாலும் வாயைத் திறந்து பார்க்காமல் கடிதத்தின் வழியாகப் புற்று இல்லை என்று சான்றிதழ் தர எனக்கு உரிமை இல்லை.

வாட்ஸ்அப் செய்தி உண்மையை இழுத்து நீட்டியிருக்கிறது. ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் சற்று அதிகமாகக் காணப்படுவது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால், புகைப்பழக்கமும் சர்க்கரையும் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். ஆய்வுகளையெல்லாம் அலசிய அமெரிக்க இதயச் சங்கம் 2012-ஆம் ஆண்டில், தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கோ ஈற்றைச் சரிசெய்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்கோ சான்று இல்லை என்று சொன்னது. ஆகவே, "பல்லைச் சுத்தம் செய்தால் ஹார்ட் அட்டாக் வராது" என்று யாராவது பேக்கேஜ் விற்றால், உங்கள் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதயத்தில் உறுதியாகத் தெரிந்த வேறொரு ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாரும் எழுதுவதில்லை. செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும், வால்வில் ஏற்கெனவே ஒருமுறை தொற்று வந்தவர்களுக்கும், பல் எடுக்கும்போது ரத்தத்தில் கலக்கும் வாய்க் கிருமிகள் வால்வில் போய்த் தங்கி உயிருக்கே உலை வைக்கக்கூடும். நெருக்கமான குடியிருப்புகளில் வளர்ந்து, சிறு வயதில் மூட்டுவலியோடு கூடிய வாதக் காய்ச்சல் வந்து, பிறகு வால்வு கெட்டவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். தேவையானவர்களுக்குச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன் ஒருவேளை ஆன்டிபயாடிக் மருந்து கொடுப்போம்.

*

கேள்வி: காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்கிறேன். வயது 47. இரண்டு வாரமாகப் பாரம் தூக்கும்போது இடது கீழ்த் தாடையில் அழுத்துவதுபோல் வலிக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடுகிறது. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையால் பயனில்லை. எந்தப் பல்லை எடுக்க வேண்டும்?
(வாசகர், காசிமேடு)

பதில்: எந்தப் பல்லையும் எடுக்க வேண்டாம். சகோதரரே, சொத்தைப் பல்லின் வலி இரவில் படுத்தால் கூடும்; சூடு, குளிர்ச்சி பட்டால் சுண்டி இழுக்கும்; பாரத்தை இறக்கி வைத்ததும் அடங்காது. உழைக்கும்போது வந்து, உட்கார்ந்ததும் போகும் தாடை வலி, நெஞ்சுவலியின் மாற்று உருவமாக இருக்கக்கூடும். இதயத்திலிருந்து வரும் வலியைத் தாடையிலும் தோளிலும் இடது கையிலும் உணர்வதுண்டு. உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே, இதழ் அச்சாகும்வரை காத்திராமல், உடனே ஸ்டான்லிக்குச் சென்று இ.சி.ஜி. எடுக்கும்படி ஆசிரியர் குழு மூலம் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். இங்கே பதிலை அச்சிடுவது மற்றவர்களுக்காக. ஓய்விலும் நீங்காத தாடை வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

*

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் காட்டிவருகிறேன். ஈறு சிவந்து வீங்கி, இரண்டு பற்களுக்கு நடுவில் சிறு கட்டிபோல் வந்திருக்கிறது. சொத்தைப் பல்லும் வலிக்கிறது. பிள்ளை என் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது, பிரசவம் முடியும்வரை பல்லைத் தொடக் கூடாது என்கிறார் மாமியார்.
(வாசகி, ராயபுரம்)

பதில்: சகோதரி, பல்லில் உள்ள கால்சியத்தைப் பிள்ளையால் எடுக்க முடியாது, அதற்குத் தேவையானது நீங்கள் சாப்பிடுவதிலிருந்தும் உங்கள் எலும்பிலிருந்தும் போகிறது. அதனால் மருத்துவமனையில் தரும் கால்சியம் மாத்திரையை டப்பாவில் சேர்த்துவைக்காமல் சாப்பிடுங்கள். இந்த மாதங்களில் உடலில் கூடும் ஹார்மோன்களால், பல்லிலுள்ள சிறு அழுக்குக்குக்கூட ஈறு பெரிதாகக் கோபித்துக்கொள்கிறது. நீங்கள் சொல்லும் கட்டியும் பெரும்பாலும் அந்த வகைதான். பிரசவத்துக்குப் பிறகு தானாகவே வற்றிவிடுவது வழக்கம்.

மசக்கை வாந்தியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்க வேண்டும். வாந்தியெடுத்தவுடன் வாய் கசக்கிறதே என்று பிரஷ்ஷைக் கையில் எடுப்பவர்கள் அநேகம். வயிற்று அமிலத்தில் ஊறி இளகியிருக்கும் எனாமலை அப்போது தேய்த்தால் அது தேய்ந்தே போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை பல் சிகிச்சைக்கு மிகவும் வசதியான காலம். காரை அகற்றுவது, சொத்தையை அடைப்பது, அவசியமானால் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல்லை எடுப்பது, எல்லாமே செய்யலாம். தேவைப்பட்டால் ஈயக் கவசம் போர்த்திப் பல் எக்ஸ்ரேவும் எடுக்கலாம். தொடக் கூடாதது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். இப்யூபுரூஃபன் போன்றவை, முக்கியமாக 20 வாரங்களுக்குப் பிறகு, வேண்டாம்.

ஈறு நோய் உள்ள தாய்மார்களிடம் குறைமாதப் பிரசவம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால், கர்ப்பக் காலத்தில் ஈற்றுக்குச் சிகிச்சை செய்வதால் அது குறைந்துவிடும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. சிகிச்சை தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பானது என்பது மட்டும் அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் வலியைத் தீர்க்க அந்தக் காரணமே போதும் என்று மாமியாரிடம் சொல்லலாம். அவர் நம்பாவிட்டால் அடுத்த முறை அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

*

கேள்வி: அம்மா மீன் விற்கிறார், முப்பது ஆண்டுகளாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உண்டு. தம்பி பாக்கும் புகையிலையும் கலந்த மாவா போடுகிறான்; வயது 24. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்கோ காரமான குழம்பு பட்டாலே வாய் எரிகிறது, வாயை முன்புபோல் திறக்க முடியவில்லை. வைட்டமின் குறைபாடு என்று சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான்.
(வாசகி, புது வண்ணாரப்பேட்டை)

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இது. தம்பியின் மூன்று விரல்களை, ஆட்காட்டி விரல் முதல் மோதிர விரல்வரை, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கவைத்து, மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழைய வேண்டும். இரண்டு விரலுக்கே இடமிருந்தால் அது வைட்டமின் விவகாரம் என்று நான் நம்பமாட்டேன். பாக்கிலுள்ள வேதிப்பொருள்கள் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்களை வளர்த்து, மென்மையான சதையைத் தோல் வார்போல் இறுக்கிவிடுகின்றன. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, பளிங்குபோல் தெரியும். விரலால் தடவினால் கயிறு ஓடுவதுபோல் தட்டுப்படும். இந்த இறுக்கம் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை; பழக்கத்தை விட்டால் மேலும் முற்றாமல் தடுக்கலாம், பயிற்சியாலும் சிகிச்சையாலும் ஓரளவு வாய் திறக்க வைக்கலாம். விடாவிட்டால் இவர்களில் ஒரு பகுதியினருக்கு அதுவே புற்றாக மாறுகிறது.

"மாவாவில் புகையிலை கொஞ்சம்தான், வெறும் பாக்கைப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று தம்பி வாதிடக்கூடும். பல இளைஞர்கள் என்னிடம் அப்படித்தான் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கையே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்துவிட்டது. தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடை செய்யப்பட்டவை. மாவாவோ பெட்டிக்கடைக்குப் பின்னால் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்து, பிளாஸ்டிக் தாளில் முடிந்து விற்கப்படுகிறது. அதில் என்ன எவ்வளவு என்று தேய்த்தவருக்கே தெரியாது.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யார் பார்த்தார்கள்? வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்கிவைப்பார் என்று அவரிடமே கேட்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, கன்னத்தை விலக்கி அந்த இடத்தைப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வலியே இல்லாத தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் பல் என இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். வாய்ப் புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காததால்தான் "பல் குத்தியது, ஆறிவிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பல் மருத்துவரோ, ஸ்டான்லியோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, எங்கு முதலில் போக முடியுமோ அங்கு இருவரையும் ஒன்றாக அழைத்துச் செல்லுங்கள். பழக்கத்தை விட உதவி வேண்டுமானால் 1800-112-356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். தம்பி விடுவதற்கு முதல் தடை அம்மாவின் வெற்றிலைப் பெட்டியாகவே இருக்கலாம். அதை அவரிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

*

கேள்வி: ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்ன நம் முன்னோர் பேஸ்ட்டா வைத்துத் துலக்கினார்கள்?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: துலக்கவில்லை. அவர்கள் ஒரு நாளைக்கு ஆறு முறை சர்க்கரை போட்ட டீயில் பொறையைத் தொட்டுச் சாப்பிடவும் இல்லை. ஆலங்குச்சியும் கருவேலங்குச்சியும் முன்பற்களின் வெளிப்புறத்தை நன்றாகவே தேய்க்கும். கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்கு அவை எட்டுவது கடினம், சொத்தையைத் தடுக்கும் ஃபுளூரைடும் அவற்றில் இல்லை. குச்சியை விட மனமில்லையென்றால் காலையில் குச்சி, இரவில் பேஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் பொடியும் உமிக்கரியும் மட்டும் வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற வேலையைப் பல்லிடம் காட்டினால், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல் எனாமலைத் திரும்பப் பூச முடியாது.

*

கேள்வி: ஆறு வயது மகளுக்குக் கடைவாயில் சொத்தை. விழப்போகிற பால் பல்தானே, விட்டுவிடலாமா?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: முன் பால் பற்கள் ஆறேழு வயதில் விழும், கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அதுவரை வலியோடு குழந்தை ஒரு பக்கமாகவே மென்று, சரியாகச் சாப்பிடாமல், இரவில் தூங்காமல் இருக்க வேண்டுமா? இன்னொன்று: ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டு, எட்டு வயதில் பிடுங்க அழைத்து வரும் பெற்றோரை மாதத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். மகளுக்குக் கெட்டிருப்பது எந்தப் பல் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

*

கேள்வி: என் பாட்டிக்கு வயது 83. பக்கவாதத்துக்குப் பிறகு படுக்கையில் இருக்கிறார். முழுப் பல் செட் போட்டிருக்கிறார். கழற்றினால் முகம் ஒடுங்கிவிடுகிறது என்று இரவிலும் கழற்ற விடமாட்டார். ஆறு மாதத்தில் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. வாயைச் சுத்தம் செய்வதால் ஏதாவது பயன் உண்டா?
(வாசகர், மணலி)

பதில்: நிறையவே உண்டு, தம்பி. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் ஒழுங்கு குலைந்திருக்கும்; உறக்கத்தில் எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். அந்த எச்சிலில் என்ன கிருமி இருக்கிறதோ அது நுரையீரலுக்குப் போகும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், பணியாளர்கள் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் வாயைத் துலக்கிவிட்ட முதியவர்களிடம் நிமோனியா குறைவாக இருந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். இரவிலும் பல் செட்டோடு உறங்கும் மிக முதியவர்களுக்கு நிமோனியா ஆபத்து கூடுதல் என்பதையும் அதே நாட்டின் இன்னொரு ஆய்வு காட்டியது.

பாட்டியின் கூச்சத்தை நான் மதிக்கிறேன். என் கிளினிக்கில் ஒரு முதியவர், மனைவி வெளியே போனால்தான் செட்டைக் கழற்றுவேன் என்று உட்கார்ந்திருந்தார். ஐம்பது ஆண்டு இல்லறம் அவர்களுடையது. ஆகவே விளக்கை அணைத்த பிறகு கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள், காலையில் யாரும் வருமுன் போட்டுவிடுங்கள். செட்டைப் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் கீறல் விழும். சாதாரண சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு கழுவினால், கை நழுவினாலும் உடையாது. இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் போட்டால் வடிவம் கோணிவிடும்.

வாயைச் சுத்தம் செய்யும்போது பாட்டியைத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். மல்லாந்த நிலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். விரலில் ஈரத் துணியைச் சுற்றிப் பிழிந்துகொண்டு, ஈறு, மேலண்ணம், கன்னத்தின் உட்புறம், கடைசியாக நாக்கு என்று துடையுங்கள். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோற்றுப் பருக்கை தங்கியிருக்கும், அவருக்கு அது தெரியாது. தினமும் முதலில் அங்கே பாருங்கள்.